ராகவேந்திரர் ஆராதனைய வீட்டுல எப்படி பண்றது, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்

நாங்க மத்வ சம்பிரதாயம் கிடையாது, ஆனா எங்கம்மாவுக்கு வியாழக்கிழமைன்னா ராயர்தான், அதனால சின்ன வயசுலேர்ந்தே பாத்துப் பாத்து கத்துக்கிட்டது இது. மடத்துல பண்ற மாதிரி எல்லாம் வீட்டுல பண்ண முடியாது, பண்ணவும் வேணாம், நாலு விஷயம் சரியா இருந்தா போதும்.

மொதல்ல தேதி. இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க, நானும் ஒரு வருஷம் விட்டேன். 1671ல ராயர் மந்த்ராலயத்துல ஜீவனோட பிருந்தாவனத்துக்குள்ள, அதாவது ஜீவசமாதிக்குள்ள போனது சிராவண மாசம் தேய்பிறை துவிதியை, அந்த நாள ஒட்டித்தான் ஆராதனை, இந்த சிராவணம் நம்ம தமிழ் மாசக் கணக்கு இல்ல, அமாவாசைலேர்ந்து அமாவாசைக்கு எண்ற சந்திர மாசக் கணக்கு. அதனால சில வருஷம் ஆவணில வரும், சில வருஷம் ஆடியிலயே முடிஞ்சிரும். 2024ல ஆகஸ்ட் 20, 21, 22ன்னு ஆவணில வந்துது, 2025ல ஆகஸ்ட் 10, 11, 12, அதாவது ஆடி மாசக் கடைசி. நான் பாட்டுக்கு ஆவணி பௌர்ணமி கழிச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன், பக்கத்துத் தெரு மடத்துல தேர் ஓடி முடிஞ்சு அஞ்சாறு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஆவணி அவிட்டத்த வச்சும் கணக்கு போடாதீங்க, மடத்துக்கு ஒரு போன் போட்டு கேட்டுருங்க.

மூணு நாள், பூர்வாராதனை, மத்யாராதனை, உத்தராராதனை. மூணும் முடியலன்னா நடு நாள் மட்டும் பண்ணுங்க, அதுதான் துவிதியை. இன்னொண்ணு, இத திதி மாதிரி நெனச்சு வீட்ட சோகமா வச்சுக்காதீங்க, சன்னியாசிக்கு சிரார்த்தம் கிடையாது, ஆராதனைதான், கோலம் போட்டு மாவிலை கட்டி கொண்டாட வேண்டிய நாள்.

முந்தின நாளே படத்தத் தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சு, மனையில கோலம் போட்டு ரெடி பண்ணிருங்க. பூ என்ன வேணா போடலாம், ஆனா துளசி மாலை இல்லாம பண்ணாதீங்க, வீட்டுச் செடின்னா காலைல குளிச்சிட்டு பறிங்க, பொழுது சாஞ்சப்புறம் துளசிய தொடக் கூடாது. ரெண்டு நெய் விளக்கு போதும்.

இப்ப முக்கியமான விஷயம், நைவேத்தியம். நம்ம வீடுகள்ல நேரா ராயர் படத்துக்கு முன்னாடி தட்ட வச்சு காட்டிருவோம், அது முறை இல்ல. அவர் சன்னியாசம் வாங்கினதுலேர்ந்து பூஜை பண்ணது மடத்து ராமர் விக்ரகமான மூல ராமர, அவருக்கு காட்டினதத்தான் இவர் ஏத்துப்பார். அதனால தட்டுல துளசி இலை போட்டு மொதல்ல ராமருக்கோ பெருமாளுக்கோ காட்டுங்க, அப்புறம் ஆஞ்சநேயருக்கு, அதே தட்ட அதுக்கப்புறம் ராயருக்கு. எங்கம்மா இத ஒரு மடத்து மாமி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டப்போ அம்மாவுக்கு அம்பது வயசு, அதுவரைக்கும் தப்பா பண்ணிட்டோமேன்னு ரெண்டு நாள் பொலம்பினாங்க.

சமையல்ல வெங்காயம் பூண்டு கிடையாது. தயிரும் வேணாம், ஏன்னா அந்த சமயம் சாதுர்மாசம்ங்கற நாலு மாச விரத காலம், அதுல ரெண்டாவது மாசம் தயிர விடுற விரதம், மடத்துப் பந்தியில கூட தயிர் வராது, மோர்தான் வரும். தெரியாம நான் ஒரு தடவ பந்தியில தயிர் கேட்டு, பரிமாறினவர் ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

இனிப்புக்கு ஹயக்ரீவ மட்டி பண்ணுங்க, பேர் பெருசு, வேலை கம்மி. ஒரு டம்ளர் கடலைப்பருப்ப ஒரு மணி நேரம் ஊற வச்சு வேக விடுங்க, ரெண்டு விரல்ல நசுக்கினா நசுங்கணும், ஆனா பாக்க முழுசா இருக்கணும், குழைஞ்சா பூரணம் ஆயிடும். பருப்பு வெந்தப்புறம்தான் வெல்லம், முன்னாடியே போட்டா அதுக்கு மேல எவ்ளோ கொதிச்சாலும் பருப்பு வேகாது, கல்லு மாதிரி நிக்கும். வெல்லம் ஒரு டம்ளர், கரைஞ்சு சேந்து வந்ததும் நெய் நாலு ஸ்பூன், தேங்காத் துருவல், வறுத்த கசகசா ஒரு ஸ்பூன், ஏலக்காய், முந்திரி, அவ்ளோதான். இனிப்பு சரியா இருக்கான்னு வாயில வச்சுப் பாக்காதீங்க, நைவேத்தியம் ஆகல இன்னும்.

ஸ்லோகம்னா 'பூஜ்யாய ராகவேந்த்ராய'ன்னு ஆரம்பிக்கிற ரெண்டு வரி போதும், அதுவும் வரலன்னா 'ஓம் ஸ்ரீ ராகவேந்த்ராய நமஹ' 108 தடவ. எண்ணும்போது போன் பக்கத்துல இருந்தா 108 எப்பவும் 80லயே நின்னுரும், என் அனுபவம்.

சாயங்காலம் மடத்துக்குப் போறதா இருந்தா ஆம்பளைங்க வேஷ்டியில போங்க, சட்டைய கழட்டச் சொல்லுவாங்க. காலைல போனா பஞ்சாமிர்த அபிஷேகம் பாக்கலாம், ஆனா பந்திக்கு எல நேரத்துக்கு விழும்னு நம்பாதீங்க, சுகர் மாத்திரை போடுறவங்க எதாவது சாப்ட்டு போங்க, ராயர் கோச்சுக்க மாட்டார். பிருந்தாவனத்த சுத்தும்போது ஓடாதீங்க. மந்த்ராட்சதை குடுப்பாங்க, தலையில போட்டுக்கிட்டு மிச்சத்த ஒரு பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல வச்சுக்குங்க, கீழ சிந்தி மிதிபடக் கூடாது.

நம்ம ஊர்லயே அவர் நடந்த எடமெல்லாம் இருக்கு, 1595ல பொறந்தது சிதம்பரம் பக்கம் புவனகிரி, குரு சுதீந்திர தீர்த்தர்கிட்ட படிச்சது கும்பகோணம், 1621ல சன்னியாசம் வாங்கினது தஞ்சாவூர். ஆராதனை சமயத்துல மந்த்ராலயமே போகணும்னா ரூம் ரொம்ப முன்னாடியே போட்டுருங்க, மந்த்ராலயம் ரோடு ஸ்டேஷன்ல எறங்கி கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ, பஸ் ரெண்டும் கெடைக்கும். பெரிய தேர் பாக்கணும்னா உத்தராராதனை அன்னிக்கு அங்க இருக்கற மாதிரி பாத்துக்குங்க. துங்கபத்ராவுல குளிச்சிட்டு நேரா பிருந்தாவனத்துக்கு ஓடாதீங்க, மொதல்ல மஞ்சாலம்மா சன்னதி, ஊர் தேவதை, அவங்க ஊர் அது, அவங்களப் பாத்துட்டுதான் ராயர்.