பசா மொழியைப் படிக்கப் போகிறவர்கள் இடறும் இடங்கள்

பசா என்று தேடிப் போனால் லைபீரியாவில் போய் நிற்க வாய்ப்பு உண்டு. அங்கே பேசப்படும் பாசா, குரூ குடும்பத்து மொழி. 'வா' என்ற தனி எழுத்துமுறையே அதற்கு உண்டு. நாம் பேசும் பசா, கேமரூனின் எடேயா, எசேகா பக்கத்து மொழி, பாண்டு குடும்பம். பாண்டு மொழிகளை வகைப்படுத்திய மொழியியலாளர் மால்கம் கத்ரி இதற்குத் தந்த குறியீடு ஏ.43. லைபீரிய எழுத்தைக் காட்டி இதுதான் கேமரூன் பசா என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அடுத்து, தொனி. உயர்வு, தாழ்வு, ஏற்றம், இறக்கம் எல்லாம் பேசுகிறவரின் கோபதாபம் அல்ல; சொல்லின் பொருளே அதில்தான் இருக்கிறது. வினையின் காலத்தைக் காட்டுவதிலும் தொனிக்குப் பங்கு உண்டு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு வெறும் சொற்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

உயிரொலிகளில் குறில், நெடில் நமக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்களுக்கு எகரம் இரண்டு, ஒகரம் இரண்டு. வாயை இன்னும் கொஞ்சம் திறந்து சொல்லும் வகை தனி. மொத்தம் ஏழு உயிர்கள். ஐந்தில் அடக்கப் பார்க்காதீர்கள்.

பெரிய சிக்கல் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதில்தான் வருகிறது. மனிதன் 'முட்', மனிதர்கள் 'பொட்'. 'பேசு' என்பதற்கும் நாம் 'பொட்' என்றுதான் எழுதுவோம். 'மனிதர்கள்' என்ற சொல்லின் முதல் ஒலி, குரல்வளையைக் கீழே இழுத்துக் காற்றை உள்வாங்கிச் சொல்லும் உள்வெடிப்பொலி. சிந்தி மொழியில் இப்படிப்பட்ட ஒலியைக் கேட்கலாம். 'பேசு' என்பதில் இருப்பது நம் 'பல்'லின் பகரம்.

கேமரூன் விடுதலைப் போராளி ரூபென் உம் நியோபே 1958 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சுப் படையால் கொல்லப்பட்டார். அவரை மக்கள் 'ம்பொடொல்' என்பார்கள். தங்களுக்காகப் பேசுகிறவர் என்று பொருள். 'பேசு' என்று பொருள்படும் 'பொட்' என்ற வேரில் பிறந்த சொல் இது. கடைசியில் வல்லொலியாக இருந்த டகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்ததும் மெலிகிறது, நம் 'படம்' போலவே. சரி, தமிழ் வழக்கமே போதும் என்று அங்கே நம்பிவிடக் கூடாது. 'கம்பு' என்று சொல்லிப் பழகிய நாக்கு, மகரத்துக்குப் பின் வரும் பகரத்தையும் தானாகவே மென்மையாக்கும். பசாவில் அது மெலியாது. மகரத்தைத் தனியே நிறுத்தி, 'பல்'லின் பகரத்தை அழுத்திச் சொல்லுங்கள்: ம்-பொடொல்.