ஸ்பாக்கில் எம்பிஐ இல்லாத எச்டிஎஃப்5: என் அனுபவம்

ஒற்றைக் கணினியில் ஓட்ட, எம்பிஐ (பல செயல்முறைகள் செய்தி பரிமாறி இணைந்து இயங்க உதவுவது) இல்லாத எச்டிஎஃப்5 (பெரிய தரவுகளைச் சேமிக்கும் நூலகம்) தேவைப்பட்டது. மென்பொருள்களை நிறுவித் தரும் கருவியான ஸ்பாக்கில் அதன் இயல்புநிலை +எம்பிஐ, அதாவது எம்பிஐயோடு; ~எம்பிஐ என்றால் அது இல்லாமல். பேக்கேஜ்களுக்கான அமைப்புகளை எழுதும் பேக்கேஜஸ்.யாமல் கோப்பில், எச்டிஎஃப்5-இன் கீழ் 'வேரியன்ட்ஸ்' வரியில் ~எம்பிஐ எழுதினேன். இருந்தும் எம்பிஐ உள்ளே வந்துவிட்டது. அந்த வரி வெறும் விருப்பம்தான். சார்ந்திருக்கும் வேறொரு பேக்கேஜ் +எம்பிஐ கேட்டால் ஸ்பாக் அதற்கே வழிவிடும்.

சரி, 'ரிக்வயர்' என்று மாற்றினேன். இது கட்டாயம். உடனே, எந்தப் பேக்கேஜ் எந்த வடிவில் வேண்டும் என முடிவு செய்யும் கான்கிரடைசர் முரண்பாட்டைச் சொல்லி நின்றுவிட்டது. நீண்ட பில்ட் முடிந்தபின் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்! என் ஸ்பாக் சூழலின் (சேர்த்து நிறுவும் பேக்கேஜ்களின் தொகுப்பு) பட்டியலில், எச்டிஎஃப்5-ஐப் பைத்தானில் பயன்படுத்த உதவும் எச்5பை பேக்கேஜுக்கு வெளிப்படையாகவே +எம்பிஐ இருந்தது. அதையும் ~எம்பிஐ ஆக்கினேன்.

அப்புறம், கான்கிரடைஸ் கட்டளையை ஃபோர்ஸ் தெரிவோடு ஓட்டினேன். இல்லாவிட்டால் லாக் கோப்பில் ஏற்கெனவே முடிவானவை அப்படியே தொடரும். புதிய பட்டியலில் எம்பிஐ இல்லை, பில்டைத் தொடங்கினேன்.