குமுளி ஏற்றத்தில் இருமிய ஜீப்
ஏலத்தோட்டத்தில் 12 வருஷம் கிடந்த டீசல் ஜீப்பை வாங்கி, துருவெடுத்து, பெயிண்ட் அடித்து இறக்கினேன். லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏற்றம் ஏறினால் போதும், இருமி நின்றுவிடும். ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. டீசல் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையே!

அங்கேதான் ஏமாந்தேன். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்த ஓஸில் வெடிப்பு இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கிளாம்ப்புக்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. புது ஓஸ் மாட்டி, ஃபில்டர் மேலிருக்கும், காற்றை வெளியேற்றும் ஏர் போல்ட்டைத் தளர்த்தி, நுரை அடங்கும்வரை கைப்பம்பை அடித்தேன். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது.

"இனி லடாக்தானோ?" என்றார் பக்கத்து வீட்டுச் சேட்டன். அங்கே உம்லிங் லா கணவாய்ச் சாலை 19,024 அடி உயரம். சரி, முதலில் வண்டிப்பெரியார் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.