வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கும்முன்

ஒரு வேத வசனத்தை மட்டும் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பார்த்துச் செய்தி தயாரிக்காதீர்கள். கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது; நானும் அதை மட்டும் பிய்த்தெடுத்துப் பிரசங்கித்தவன்தான்.

முதலில் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 10ஆம் வசனம் 70 வருடம் என்கிறது. அப்படியென்றால், கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். முகங்கள் வாடும், வாடட்டும்.

பிறகு 7ஆம் வசனம். நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. அங்கே நிறுத்தி, தெருவில் யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பாட்டி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று விசாரியுங்கள். சபையார் வீடுகளோடு நிறுத்த வேண்டாம். ஒரு தாளில் குறித்து, அடுத்த வாரக் கூட்டத்தை அந்தத் தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.

செய்திக்கு 20 நிமிடம் போதும். அதற்குமேல் போனால் தேநீர் ஆறிவிடும்.