கிளம்பவே தாமதமா? திட்டத்தை அங்கேயே சுருக்குங்கள்: மலையில் கூடாரம் போடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டமுகிலாளம், கொடகரை, வத்தல்மலை, சித்தேரி என்று நண்பர்கள் கூட்டமாகக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வருவது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. வருகிறவர்கள் பயப்படுவது யானைக்கும் பாம்புக்கும். பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த மலைகளில் ஒரு பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் காலையிலேயே, தேன்கனிக்கோட்டை டிபன் கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். விடிகாலை ஐந்து மணிக்கு ஓசூரில் கிளம்புவதாகப் பேச்சு. ஒருவர் எழவில்லை. இன்னொருவர் வண்டிக்குப் பெட்ரோல் போடவில்லை. டார்ச்சுக்கு பேட்டரி, மறந்துபோன கயிறு, நான்கு பாக்கெட் பிஸ்கட் என்று கடை கடையாக ஏறி இறங்கி, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போது மணி பன்னிரண்டரை. அதற்குள் அரை நாள் போய்விட்டது. ஆனால் கையில் இருப்பது முழு நாளுக்குப் போட்ட அதே திட்டம். உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி, ஓடைக்கரையில் சமைத்துச் சாப்பிட வேண்டும்! இதில் எதையும் விட யாருக்கும் மனசு வராது. “இவ்வளவு தூரம் வந்துட்டோம், பார்த்துக்கலாம் மச்சான்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மேலகிரி மலையின் பள்ளங்களுக்குள் ஐந்து மணிக்கே இருட்டு கட்டத் தொடங்கும். யானை நடமாட்டம் கூடுவதும், தடம் தெரியாமல் போவதும், களைப்பில் கால் பிசகுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். “மூன்று மணிக்கு எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்து திரும்புவோம்” என்று எல்லாரும் கேட்கப் பேசி வையுங்கள். உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். தாமதமாகக் கிளம்பினால் உச்சியை விட்டுவிட்டு, ஊருக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் “போதும்” என்றால், காரணம் கேட்காமல் எல்லாரும் நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதி. இதைச் சட்டச் சிக்கலாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் இது உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டு மாவட்டங்களிலும் உள்ள காட்டில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அதில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவேரி தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. அனுமதி வாங்காமல் போனவர்கள் மாட்டிக்கொள்ளும்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? உதவிக்குக் கூப்பிடத் தயங்குகிறார்கள். வனத்துறைக்குத் தெரிந்தால் அபராதம், வழக்கு என்று பயந்து, “இன்னும் கொஞ்ச நேரம் தேடுவோம்” என்று தள்ளிப்போடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் காரியம் இரவு பதினோரு மணிக்குப் பெரிய தேடுதலாகிவிடுகிறது.

நேர்வழி இருக்கிறது. வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் சிகரம் உட்பட, வழிகாட்டியோடு திறக்கப்பட்டன. இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். காட்டுத்தீ பரவும் பருவத்தில் மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். கூடாரம்தான் வேண்டும் என்றால், மலைக்கிராமத்தில் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டு அவர் காட்டும் இடத்தில் போடுங்கள். “தெரிந்த ஆள் ஒருத்தர் உள்ளே கூட்டிப்போவார்” என்பது அனுமதி ஆகாது.

வழி தவறுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் காடுகளில் நன்றாகத் தேய்ந்த தடம் என்றால் அது மனிதத் தடம் என்று எண்ணிவிடாதீர்கள். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்தில் ஆலம்பாடி மாடுகளைக் காட்டில் பட்டி போட்டு மேய்க்கும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. மாட்டுத் தடம் அகலமாக, அழகாக, நம்மைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். அரை மணி நேரம் நடந்தால் பட்டியிலோ தண்ணீரிலோ கொண்டுபோய் விடும். யானைத் தடமும் அப்படித்தான். நீங்கள் போக வேண்டிய வழியோ உண்ணிச்செடிப் புதருக்குள் ஒற்றையடியாக மறைந்து கிடக்கும். மேய்ச்சல்காரர் ஒருவரைப் பார்த்தால் நின்று கேளுங்கள். “அது பட்டிக்குப் போற வழிங்க சாமி, நீங்க மேலால போங்க” என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி எந்த வரைபடத்திலும் கிடையாது.

வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுவது இன்னொரு பெருந்தவறு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போகிறவர் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே நகர வேண்டும். மெதுவாக நடப்பவரை இரண்டாவதாக விடுங்கள். வழி தவறியது தெரிந்தால் காய்ந்த ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள். “ஓடை எப்படியும் ஊருக்குப் போகும்” என்று தோன்றும். பாதியில் செங்குத்துப் பாறையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இருட்டிவிட்டால் நின்ற இடத்திலேயே எல்லாரும் சேர்ந்து உட்காருவதுதான் நல்லது. எல்லையோரத்தில் செல்பேசி கர்நாடக டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். இறக்கி வைத்த வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் அதிலும் வேலை செய்யும். பேச்சு போகாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். 112-க்கு எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அழைப்பு போகும்.

கூடாரம் போடும் இடத்தைக் காட்சிக்காகத் தேர்ந்தெடுப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஒகேனக்கல் பக்கத்தில் ஆற்று மணல்திட்டில் படுக்கவே கூடாது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால், இங்கே ஒரு துளி மழை இல்லாமலே காவிரி ஏறும். ஆற்றில் முதலையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடைப்படுகையும் வேண்டாம். குட்டைக்கரையும் வேண்டாம், அது இரவில் விலங்குகளின் இடம். ராகி அறுவடைக் காலத்தில், அதாவது நவம்பர், டிசம்பரில், கதிரைத் தேடி யானைக் கூட்டங்கள் வரும். காவலுக்கு ஆட்கள் பரண் மேல் விழித்திருக்கும் மாதங்கள் அவை. சாணம் கண்ணில் பட்டால் பாருங்கள்: வெளியே காய்ந்து உடைந்திருந்தால் பழசு, ஈரம் பளபளத்து, தொட்டால் சூடு இருந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது. படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். வாழைப்பழம், வெல்லம், உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

வெறுந்தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். கடித்த இடத்தில் வலிகூட இருக்காது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எது பக்கம், அங்கே போக எத்தனை மணி நேரம் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: எந்த ஊர் வழியாக, யார் யார், வண்டி எண், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். திட்டம் மாறினால், டவர் போவதற்கு முன்னால், மாறிய திட்டத்தையும் அவருக்கே அனுப்புங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இந்த இரண்டாவதைத்தான். அப்படி விட்டால் தேடுகிறவர்கள் கொடகரையில் தேடிக்கொண்டிருக்க, நீங்கள் நாட்ராம்பாளையம் பக்கம் இருப்பீர்கள்.

திரும்பி வந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது கறுப்பாகப் பொருக்குத் தட்டிய புண் இருந்தால், அது புதர்ப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள். காட்டில் தங்கியதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அதைச் சோதிப்பார்; டாக்ஸிசைக்ளின் மாதிரியான மருந்தை நேரத்தோடு தொடங்கினால் குணமாகிவிடும்.