கொரியன் காதல் காமெடியைக் காதால் பார்ப்பது எப்படி

கொரியன் ரொமான்டிக் காமெடிக்குக் கதைக்காக உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சிடுமூஞ்சி முதலாளி, ஒரு வாயாடிப் பெண், பொய்க் காதலுக்கு ஓர் ஒப்பந்தம், நடுவில் மழை, ஒரே குடை, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். யாருக்கு யார் என்று முதல் எபிசோடின் இருபதாவது நிமிடத்திலேயே எங்கள் அம்மா சொல்லிவிடுவார். அதே அம்மாதான் ராத்திரி பதினொன்றரைக்கு "இன்னும் ஒண்ணு போடு" என்கிறார். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இந்தத் தவிப்பு என்று ரொம்ப நாள் யோசித்தேன். அங்கே கதை நகர்வது சம்பவத்தில் இல்லை, இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்போது அது மாறுகிறது என்பதில்தான். அது இங்கிலீஷ் சப்டைட்டிலில் வராது. தமிழ்க் காதுக்குக் கேட்கும். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

எதில் ஆரம்பிப்பது? நண்பர்கள் எல்லாம் பழைய ஹிட்டுகளைத்தான் கையில் திணிப்பார்கள். 2009இல் வந்த பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் அதில் முதலில் வரும். புதுயுகம் சேனலில் தமிழ் டப்பிங்கில் ஓடியபோது நிறைய வீடுகளில் கொரியன் பைத்தியம் பிடித்ததே அதில்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். 25 எபிசோட், ஹீரோ கத்திக்கொண்டே இருப்பான், பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று காட்டுவார்கள். 2005இல் வந்த மை லவ்லி சாம்-சூன் கடைசி எபிசோடுக்கு 50 சதவீதத்துக்கு மேல் ரேட்டிங் வாங்கிய நாடகம், குண்டாக இருக்கிறோம் என்று கவலைப்படும் கேக் செய்கிற பெண்தான் ஹீரோயின், அருமையான பாத்திரம். அதிலும் ஹீரோவின் முரட்டுத்தனம் இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிறது. இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓடிவிடாது.

முதல் நாடகமாக பிசினஸ் புரபோசல் போடுங்கள். 2022, 12 எபிசோட்தான். தோழிக்குப் பதிலாகப் பெண் பார்க்கும் சந்திப்புக்குப் போகிறாள் ஒருத்தி, எதிரே வந்து உட்காருவது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி. அவ்வளவுதான் கதை. கூச்சமே இல்லாமல் எல்லாப் பழைய விஷயங்களையும் ஒரே சட்டியில் போட்டு வேகமாகக் கிண்டியிருப்பார்கள், உங்களுக்கு இந்த வகை ஒத்துவருமா வராதா என்று இரண்டு எபிசோடில் தெரிந்துவிடும். ஒத்துவந்தால் அடுத்தது ஹோம்டவுன் சா-சா-சா. அப்புறம் க்ராஷ் லேண்டிங் ஆன் யூ. பணக்காரன் கதையே வேண்டாம், பசங்க கதை போதும் என்றால் 2016இன் வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக்-ஜூ, விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் பளு தூக்கும் பெண்ணும் நீச்சல்காரப் பையனும்.

சரி, போட்டாயிற்று. உடனே செட்டிங்ஸுக்குப் போய் ஆடியோவைக் கொரியனுக்கு மாற்றுங்கள். தமிழ் டப்பிங் இருந்தாலும்கூட. அம்மாவுக்கு டப்பிங் போதும் என்றுதான் நானும் நினைத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு சப்டைட்டில் படிக்க அவருக்குச் சலிப்பு. டப்பிங்கில் "நீ", "நீங்க" எல்லாம் இருக்கும்தான், ஆனால் எந்த இடத்தில் நீங்க போய் நீ வருகிறது என்பது டப்பிங் எழுதியவர் கையில். மூலத்தில் அதைத் தீர்மானிப்பது அந்த நாடகத்தை எழுதியவர், அதுவும் பல வாரம் தள்ளித் தள்ளி வைத்துத் தீர்மானிப்பார்.

காதில் முதலில் பிடிக்க வேண்டியது "யோ". வாக்கியத்தின் கடைசியில் வரும் இந்த "யோ"வை நம்ம "ங்க" என்று வைத்துக்கொள்ளுங்கள். "மியானேயோ" என்றால் "மன்னிச்சிடுங்க", "மியானே" என்றால் "மன்னிச்சிடு". "கோமாவோயோ", "கோமாவோ" இரண்டும் நன்றிதான், முன்னதில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே தேங்க் யூ, முடிந்தது. "யோ" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதை விடப்போகிறார்கள் என்றால் பெரும்பாலும் ஒருவர் கேட்டு இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். பேச்சைக் கீழே வைக்கலாமா என்றுதான் கொரியனில் அதற்குச் சொல்வார்கள், தலையில் தூக்கிக்கொண்டு வந்த சுமையை இறக்கி வைக்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த சொல்வழக்கு இது. ஆளைப் பார்த்ததும் வயது கேட்கிறார்களே, அதுவும் இதற்குத்தான். யார் பெரியவர் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது.

இதை வைத்தே ஒரு முழு நாடகத்தை ஓட்டியிருக்கிறார்கள் என்றால் அது 2021இன் ஹோம்டவுன் சா-சா-சா. சியோலிலிருந்து ஒரு பல் டாக்டர் கடலோர ஊர் ஒன்றில் கிளினிக் போட வருகிறாள். ஊரின் பெயர் கற்பனை, படம் பிடித்தது போஹாங் பக்கம். கழற்றி வைத்த செருப்பை அலை கொண்டுபோய்விடுகிறது, அந்த ஊர்க்காரன் ஒருவன் வருகிறான், எடுத்த எடுப்பில் "நீ" என்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் அவளிடம் மட்டும் இல்லை, ஊர்க் கிழவிகளிடமும் "யோ" இல்லாமல்தான் பேசுகிறான், அவர்களும் அதைக் கொஞ்சலாக எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் அவளும் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு எகிற ஆரம்பிக்கிறாள். சப்டைட்டிலில் மட்டும் பார்ப்பவருக்கு இது ஏதோ சாதாரணச் சண்டை. நம் கிராமத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்து, டீக்கடையில் நிற்கிற ஒருத்தன் "என்ன, இப்பத்தான் வந்தியா" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சியோடு பார்த்தால்தான் காமெடி.

அடுத்தது முறை வைத்துக் கூப்பிடுவது. "ஒப்பா" என்றால் பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். நம் ஊரில் ஒரு பெண் "அண்ணா" என்று சொல்லிவிட்டால் பையனின் கதை அன்றோடு முடிந்தது, அங்கே "ஒப்பா" என்று சொன்ன அன்றுதான் பெரும்பாலும் கதை ஆரம்பமே. அண்ணன் என்ற பொருளும் போகாது, அதில் காதலும் ஏறிக்கொள்ளும். நம்ம "மாமா"வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். பெண் வயதில் மூத்தவள் என்றால் பையன் "நூனா" என்பான், ஒருநாள் அந்த "நூனா"வை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொல்வான், அவள் திடுக்கிட்டு நிற்பாள். சப்டைட்டிலில் இரண்டு இடத்திலும் அவள் பெயர்தான் இருக்கும், இவள் எதற்கு இப்படி முழிக்கிறாள் என்று உங்களுக்குப் புரியாது. ஆபீஸ் கதைகளில் பதவிப் பெயரோடு "நிம்" ஒட்டிக்கொண்டு வரும், அது நம் "சார்". காதலித்து, முத்தம் கொடுத்து, வீட்டில் சொல்லியாகிவிட்ட பிறகும் பழக்கதோஷத்தில் பதவிப் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பாள். நம்மிலும் கல்யாணமாகி பத்து வருஷம் ஆகியும் "சார்" விடாத டீச்சர் தம்பதிகள் உண்டே.

அப்பா அங்கேயும் அப்பாதான், அம்மா "ஒம்மா". "நான்" என்பதற்கு "நா", "வா" என்பதற்கு "வா". கிழவிகள் நெஞ்சில் கை வைத்து "ஐகோ" என்னும்போது நம் "ஐயோ" மாதிரியே இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, அதோடு விட்டுவிடுங்கள். இதை வைத்து கொரியா நமக்குச் சொந்தம் என்று வாட்ஸ்அப்பில் கிளம்புகிறவர்களோடு நான் இல்லை, நாலு சொல் ஒன்றுபோல ஒலிப்பதால் மொழிகள் உறவாகிவிடாது.

உண்மையிலேயே நமக்குக் கைகொடுப்பது வேறு ஒன்று. கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். காதலைச் சொல்லும் காட்சியில் "நான்... உன்னை..." என்று இழுத்து, மூச்சு வாங்கி, கண்ணை வேறு எங்கோ ஓட்டிவிட்டு, கடைசியாகத்தான் "ஜோவாஹே" வந்து விழும். நடிகரின் வேலை முழுக்க அந்த இடைவெளியில்தான். சப்டைட்டிலோ அவர் வாயைத் திறந்த உடனே ஐ லைக் யூ என்று முழுசாகப் போட்டு உடைத்துவிடும். அந்த மாதிரி இடம் வருகிறது என்று தெரிந்தால் கண்ணைச் சப்டைட்டிலிலிருந்து எடுத்து முகத்துக்குக் கொண்டுபோங்கள். "ஜோவாஹே" என்றால் பிடிச்சிருக்கு, "சரங்ஹே" என்றால் காதலிக்கிறேன். முதலாவதுதான் முதலில் வரும். இரண்டாவதுக்குப் பல நேரம் நீங்கள் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். "பாப் மோகோஸ்ஸோ?" என்று அடிக்கடி காதில் விழும், "சோறு சாப்டியா" என்று அர்த்தம், நாம் கேட்பது போலவே பாதி நேரம் அது சோற்றைப் பற்றிய கேள்வி இல்லை. ஒரு பெண் வாசலில் நின்று, ராம்யோன் சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டால் மட்டும் அது நூடுல்ஸ் சமாசாரமே இல்லை. 2001இல் வந்த ஒரு படத்தின் வசனம், அதிலிருந்து ஊர் முழுக்க அதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. பையன் ஏன் காது வரைக்கும் சிவக்கிறான் என்று அம்மா கேட்டார், பசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த நாடகங்கள் சின்னப் பொருளை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதற்கு ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். 2019 டிசம்பரில் தொடங்கிய க்ராஷ் லேண்டிங் ஆன் யூ. தென்கொரியப் பணக்காரப் பெண் ஒருத்தி பாராகிளைடரோடு சூறைக்காற்றில் மாட்டி வடகொரியாவில் போய் விழுகிறாள், ஒரு ராணுவ கேப்டன் ஒளித்துவைக்கிறான். மேடத்துக்கு வாசனை மெழுகுவர்த்தி வேண்டுமாம். கரண்ட் போனால் ஏற்றுகிற சாதா மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறான், நாமும் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். நாலாவது எபிசோடு முடிகிற இடத்தில் அவள் சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறாள். இருட்டு, தெரியாத ஊர், வாயைத் திறந்தால் தென்கொரியப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தில் தலைகளுக்கு மேலே ஒரு சின்ன வெளிச்சம். அவன்தான், மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இந்தத் தடவை வாசனை உள்ளது, சரிதானே என்று கேட்கிறான். தொடக்கூட இல்லை. எழுதியவர் பார்க் ஜி-யூன், மறக்க வைத்துத் திருப்பிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். (அந்த ஜோடி, ஹ்யுன் பின்னும் சோன் யே-ஜின்னும், 2022இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது "அதான் அப்பவே தெரிஞ்சுதே" என்றார்.)

தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. பொதுவாக ஒரு நாடகம் 16 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அங்கே வாரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் போடுவார்கள், எட்டு வாரத்தில் முடியும். இரண்டாவது நாள் எபிசோடை முடிப்பதே அடுத்த வாரம் வரை ஆளை விடக் கூடாது என்றுதான். அதனால் எபிசோடின் முடிவில் நிறுத்துவேன் என்று சபதம் எடுக்காதீர்கள், முடியாது. அடுத்ததை ஆரம்பித்து, முடிச்சு அவிழ்ந்ததும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் யாராவது உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிடும் காட்சி வரும், அங்கே அணைத்துவிடுங்கள். எனக்கு இது ஒன்றுதான் வேலை செய்தது.

பன்னிரண்டாவது எபிசோடுக்கு மேல் கதை கொஞ்சம் தொய்யும். பதின்மூன்றிலோ பதினாலிலோ ஒரு பழைய ரகசியம், ஒரு பணக்கார அம்மா, ஒரு விபத்து, இதில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பிரிப்பார்கள். கோபப்படாமல் பாத்திரம் விளக்கிக்கொண்டே பார்க்கலாம். திடீரென்று எல்லாரும் ஒரே சாண்ட்விச் கடைக்குப் போய் ரொட்டி முதல் சாஸ் வரை நிறுத்தி நிதானமாக ஆர்டர் செய்தால் அது விளம்பரம், நாடகத்துக்கான பணம் அதிலும் வருகிறது. இன்னொரு ஆபத்து, இரண்டாவது ஹீரோ. நல்லவனாக, அழகாக, எல்லாவற்றுக்கும் முன்னாடியே வந்து நிற்பான், அவனுக்குக் கிடைக்காது. எவ்வளவு பிடித்தாலும் மனதைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ரிமோட். எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அடுத்த எபிசோட் என்று திரையில் பொத்தான் வரும், கை தானாகப் போகும், அழுத்தாதீர்கள். பல நாடகங்களில் அதற்கு அப்புறம் ஒரு குட்டிக் காட்சி ஒளிந்திருக்கும். நீங்கள் சற்றுமுன் பார்த்த ஒரு விஷயத்தை அவன் பக்கத்திலிருந்து காட்டுவார்கள், அல்லது இருவரும் சந்திப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு நாளை. க்ராஷ் லேண்டிங்கில் பாதிக் காதல் அங்கேதான் இருக்கிறது. இது தெரியாமல் ஆறு எபிசோட் தாவித் தாவிப் பார்த்துவிட்டு, தெரிந்த அன்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம், அம்மாதான் ஆரம்பிக்கச் சொன்னார்.