தம் அடிக்கிறவங்க வீட்டுலயே ஈறு செக் பண்றது எப்படி

எங்க அப்பா நாப்பது வருஷமா பீடி குடிச்சவர். பல்லு விளக்கும்போது ஒரு நாள் கூட ரத்தம் வந்ததில்ல, என் ஈறு இரும்பு மாதிரின்னு சொல்லிக்கிட்டே இருப்பார். ஒரு நாள் சாயங்காலம் முறுக்கு கடிச்சாரு, கீழ் முன்பல்லு ஒண்ணு முறுக்கோடயே வந்திருச்சு. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து பார்த்தா பல்லை பிடிச்சிருந்த எலும்பே கரைஞ்சு போயிருக்கு.

இதுதான் தம் அடிக்கிறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது. ஈறுல வியாதி இருந்தா மத்தவங்களுக்கு வீங்கும், ரத்தம் வரும், பயந்துபோய் டாக்டர்கிட்ட ஓடுவாங்க. நிகோட்டின் ரத்தக்குழாயை சுருக்கிடும், அதனால உள்ள அழுகினாலும் வெளிய ரத்தம் அவ்வளவா வராது, ஈறு வெளிறி கெட்டியா பார்க்க நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். ரத்தம் வரலன்னு தயவுசெஞ்சு நிம்மதியா இருக்காதீங்க.

அப்ப எப்படி கண்டுபிடிக்கிறது? காலைல பல்லு விளக்கின உடனே கண்ணாடி முன்னாடி நின்னு மொபைல் டார்ச் போட்டு உதட்டை தூக்கி பாருங்க. பல்லு முன்ன விட நீளமா தெரியுதா, அப்படின்னா ஈறு பல்லை விட்டு ஒதுங்குதுன்னு அர்த்தம். ரெண்டு பல்லுக்கு நடுவுல கருப்பா முக்கோணமா சந்து விழுந்திருக்கா, முன்னாடி மாட்டாத கறி நார் இப்ப தினமும் மாட்டுதா, விரலால ஒவ்வொரு பல்லா லேசா ஆட்டி பாருங்க அசையுதா. மேல் பல்லோட உள்பக்கம், அண்ணம் பக்கமா இருக்கிற ஈறை கட்டாயம் பாருங்க, புகை நேரா படுற இடம், யாருமே பார்க்காத இடம். வாயில வெள்ளைத்திட்டோ புண்ணோ ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அன்னைக்கே கிளம்புங்க.

டாக்டர்கிட்ட போனா ஒரு நாளைக்கு எத்தனைன்னு உண்மைய சொல்லுங்க. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்வளவு ஆழம்னு அளக்க சொல்லுங்க, 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவால்ல, 4, 5ன்னு போனா உள்ள வரைக்கும் கிளீன் பண்ணணும். கிளீன் பண்ணா பல்லு ஆடும்னு ஊர்ல சொல்லுவாங்க, அது தப்பு, எலும்பு முன்னாடியே போயிருக்கும், பல்லுல கெட்டியா படிஞ்ச காரை அதை மறைச்சு வெச்சிருக்கும் அவ்வளவுதான். ஆனா தம் அடிச்சுக்கிட்டே கிளீன் பண்ணா ஈறு சரியா ஆறாது, முழு பலனும் கிடைக்காது.

விடணும்னு நினைச்சா 1800-11-2356க்கு போன் பண்ணுங்க, சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்கும், காசு கிடையாது. நிகோட்டின் சூயிங்கம் மெடிக்கல்ல கிடைக்கும், அதை பபிள்கம் மாதிரி மென்னுட்டே இருக்கக்கூடாது, மெதுவா மென்னு சுருக்குன்னு வந்ததும் கன்னத்து ஓரமா ஒதுக்கி வெச்சுக்கணும், அதுக்கு கால் மணி நேரம் முன்னாடி டீ காபி வேண்டாம்.

இன்னொண்ணு. விட்ட கொஞ்ச நாள்ல பல்லு விளக்கும்போது ரத்தம் வரலாம். எங்க அப்பா பயந்துட்டாரு, பீடி குடிச்சப்பவே நல்லா இருந்துச்சேன்னு திரும்ப ஒரு கட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்ப வருது, மறைஞ்சிருந்த வீக்கம் இப்பதான் வெளிய தெரியுது. விளக்கறத நிறுத்தாம சாஃப்ட் பிரஷ்ல தொடருங்க, டாக்டர்கிட்ட காட்டி கிளீன் பண்ணிக்கோங்க. போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது, மிச்சம் இருக்கிறத காப்பாத்திக்கலாம். அப்பாவை இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன், மிச்ச பல்லு ஆடாம நிக்குது.